ஏழாம் கட்டத்தில் ஒரு சிறுகோள்

சூரியக் குடும்பத்தில் முகவரி இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் சிறுகோள்கள் எத்தனையோ இருக்கின்றன. ஸ்ரீரங்கத்தில், ரயிலை விட்டு இறங்கி யாரைக் கேட்டாலும் கை நீட்டி வழி சொல்லக்கூடிய சிறுகோள் ஒன்றே ஒன்றுதான். அது அம்மாமண்டபம் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறது. வயது அறுபதுக்குச் சற்று இந்தப் பக்கம், சட்டைப்பையில் பூதக்கண்ணாடி, காதில் பென்சில். ஊரில் எல்லோருடைய ஆதார் அட்டையையும் அவர் பார்த்திருக்கிறார். அவருடையதை யாரும் பார்த்ததில்லை. அதனால் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. சிறுகோள் சார் என்றால் போதும்.

நகல் எடுக்கும் எதையும் படிக்காமல் விடமாட்டார். வீட்டுப் பத்திரம், பாகப்பிரிவினை வழக்கு, சர்க்கரை அளவு, சம்பந்தி எழுதிய கோபக் கடிதம், எல்லாம் படிப்பார். ஒன்றையும் வெளியே சொல்லமாட்டார். அப்படிப் படித்ததில்தான் மாட்டிக்கொண்டார். கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தரும் பேராசிரியை ஒருவர், கிரகங்கள் எப்படி உருவாயின என்பதைப் பற்றிய நாற்பது பக்கக் கட்டுரையைக் கொடுத்துவிட்டு, அரை மணியில் வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வந்தபோது பதினாறு பக்கம்தான் ஆகியிருந்தது. மெஷின் சும்மா இருந்தது. சார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் ரிப்பேரா?"

"இல்லீங்க மேடம். பதினேழாம் பக்கத்துல ஒரு சந்தேகம். அது தீராம பதினெட்டுக்கு எப்படிப் போறது?"

மேடம் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார். கூடவே ஒரு பைத்தியத்தையும் பிடித்துவைத்தார். வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்று எடுக்கும் வானத்துப் படங்களை, ஆர்வமுள்ள யார் வேண்டுமானாலும் வீட்டில் இருந்தபடியே அலசிப் பார்த்து, புதிய சிறுகோள் தென்பட்டால் தெரிவிக்கலாம். திருச்சியில் அப்படி ஒரு குழுவை மேடம் நடத்திவந்தார். சார் அதில் சேர்ந்தார். அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்களுக்கு நகல் கிடைத்ததோ இல்லையோ, விளக்கம் கிடைத்தது.

"வீடு கட்டி முடிச்சு பெயிண்ட்டும் அடிச்சாச்சு. உள்ள என்ன போட்டுக் கட்டினான்னு எப்படிங்க தெரியும்? வாசல்ல மிச்சம் கிடக்குற மணலையும் ஜல்லியையும் பாத்தாத்தானே தெரியும்? பூமி, செவ்வாய் எல்லாம் கட்டி முடிச்ச வீடு. சிறுகோள்ங்கறது வாசல்ல மிச்சம் கிடக்குற ஜல்லி."

"ஜல்லி இருக்கட்டும் சார், என் ரேஷன் கார்டு இன்னும் உள்ளதான் இருக்கு" என்பார் வந்தவர்.

இந்த உற்சாகத்தில் சார் கடை வாசலில் ஒரு பலகை மாட்டினார்: 'இங்கு சிறுகோள் பார்க்கப்படும்.' ஸ்ரீரங்கத்தில் இப்படி ஒரு பலகையை மாட்டலாமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. மறுநாளே லால்குடியிலிருந்து ஓர் அம்மாள் மஞ்சள் பையோடு வந்து இறங்கினார்.

"ஐயா, எங்க பையனுக்குப் பெரிய கிரகம் ஒம்போதும் பாத்தாச்சு. சின்னதுதான் பாக்கல. ரெண்டு வருஷமா வரன் தட்டிப் போவுது."

"அம்மா, இது ஜோசியம் இல்லீங்க. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற கல்லுங்க."

"ஐயய்யோ, செவ்வாயும் இதுல சேர்ந்திருக்கா?"

"செவ்வாய் ஒண்ணும் பண்ணலீங்க. எல்லாம் வியாழன் பண்ணின வேலை. அந்தக் கல்லெல்லாம் ஒண்ணு சேர்ந்து ஒரு கிரகமா ஆகியிருக்கணும். இவரு பக்கத்துல இருந்துகிட்டு இழுத்து இழுத்து, சேரவே விடல."

"குரு பார்வை வந்தாத்தான் கல்யாணம் கூடும்னு எங்க ஊர் ஜோசியர் சொல்றாரு. நீங்க என்னடான்னா குருவே சேர விடலங்கறீங்க! இதுக்குப் பரிகாரம்?"

"நானூத்தி அம்பது கோடி வருஷம் ஆயிடுச்சும்மா. இனிமே பரிகாரம் கிடையாது."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். உள்ளே லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்த சாரின் மனைவி ருக்மணி அம்மாள் ஓடிவந்தார். "இந்த மனுஷனை வச்சுகிட்டே என் பொண்ணு கல்யாணம் நடந்திருக்கு. உங்க பையனுக்கு ஆவணிக்குள்ள ஆயிடும், கவலைப்படாம போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்து, பலகையைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பலகை போனாலும் பெயர் நின்றுவிட்டது. எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் செல்வம் என்று ஒருவர். "எங்க சார் சின்னதாத்தான் கோள் சொல்வாரு. குடும்பத்தையே பிரிக்கிற அளவுக்குப் பெருசா வேணும்னா ஸ்டாண்டுக்கு வாங்க" என்று சவாரிக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சார் வேலை செய்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வானத்தின் ஒரே துண்டைச் சில நிமிஷ இடைவெளியில் நான்கு படங்கள் எடுத்து அனுப்புவார்கள். பார்க்க வசதியாக இருப்பதற்காக அவற்றின் நிறத்தைத் தலைகீழாக்கி, வானத்தை வெள்ளையாகவும் நட்சத்திரங்களைக் கருப்புப் புள்ளிகளாகவும் ஆக்கியிருப்பார்கள். நான்கிலும் நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் இருக்கும். ஒரு புள்ளி மட்டும் படத்துக்குப் படம் சமமான அடி வைத்து நேர்கோட்டில் நகர்ந்தால், அது சிறுகோளாக இருக்கலாம். மற்றவர்கள் இதைக் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சாருக்குத் திரைமேல் நம்பிக்கை இல்லை. படங்களை அச்சிட்டு, மங்கலாக இருப்பதால் மெஷினில் கருப்பை ஏற்றி மறுபடி நகல் எடுத்து, நான்கு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, நட்சத்திரத்தின்மேல் நட்சத்திரம் பொருந்துமாறு வைத்துப் பார்ப்பார்.

"முப்பது வருஷமா புள்ளி பாக்குற கண்ணு சார் இது. எல்லாக் காப்பியிலயும் ஒரே இடத்துல நின்னா, மெஷின் கண்ணாடியில அழுக்கு. இடம் மாறினா, அது ஒரிஜினல்ல இருக்கு. வானத்துக்கும் இதேதான் சட்டம்" என்பார்.

ஊர் நடப்பை நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. காவிரியில் தண்ணீர் வந்த நாள், பாலத்தை அடைத்த நாள், திறந்த நாள் என்று எதையும் விடுவதில்லை. நோட்டு தீர்ந்தால் சாரிடம்தான் புது நோட்டு தைத்து வாங்குவேன். அப்படி நான் கடையில் நின்றிருந்த ஒரு புதன்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு அது நடந்தது. தேதியைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று ருக்மணி அம்மாள் கேட்டுக்கொண்டதால் கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜன்னலோரம் நின்றிருந்த சார் திடீரென்று கத்தினார். "சார், நடக்குது! மூணு அடி வச்சிருக்கு! நேர்கோடு! ஒவ்வொரு அடியும் சரியா ஒரு நூல்!"

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பூதக்கண்ணாடியில் நானும் பார்த்தேன். கருகருவென்று அழகான புள்ளி, தெற்கு நோக்கி நடந்திருந்தது.

ருக்மணி அம்மாள் எட்டிப் பார்த்தார். "டாக்டர் தலைப்பாடா அடிச்சுகிட்டும் இவரு ஒரு நாள் நடக்கல. கல்லாவது நடக்குதே, சந்தோஷம்."

சார் அப்போதே மேடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மேடம் வெளியூரில் ஒரு கருத்தரங்கில் இருந்ததால் பதில் உடனே வரவில்லை. ஊர் அதற்குக் காத்திருக்கவில்லை. சாயந்தரத்துக்குள் ஆட்டோ ஸ்டாண்டில் பெயர் சூட்டு விழாவே தொடங்கிவிட்டது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பெருமாள் பெயர்தான் என்றார்கள். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் திருச்சிக்காரர்கள், கல் என்பதால் மலைக்கோட்டை என்றுதான் வைக்க வேண்டும் என்றார்கள். "இன்னும் எத்தனையோ பேர் எத்தனையோ தடவை பாத்து உறுதி பண்ணணுங்க, பேரு வைக்க வருஷக்கணக்கா ஆகும்" என்று சார் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எங்கள் நூலக வாசகர் வட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தது. அழைப்பிதழை எழுதியது நான்தான். 'வானில் ஒரு புதிய உறவு' என்று தலைப்பும் கொடுத்தேன். இருநூறு பிரதி. சாரே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை நான் கடையில் இருந்தபோது, வடக்கு வீதியிலிருந்து ஒரு பெரியவர் கையில் ஜாதகத்தோடு கடைக்குள் நுழைந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன ஓய் இது? பொண்ணு ஜாதகத்துல ஏழாம் கட்டத்துல ஒரு புள்ளி! பிள்ளையாத்துல போன் பண்ணி, 'மாமா, களத்திர ஸ்தானத்துல இது என்ன கிரகம்'னு கேக்கறா. நான் என்னத்தச் சொல்றது? வியாழக்கிழமை பதினாலு காப்பி எடுத்தேன். பதினாலு வரனுக்கும் போயிடுத்து!"

சார் ஜாதகத்தை வாங்கிப் பார்த்தார். மணமகன் வந்து அமரவேண்டிய ஏழாம் கட்டத்தில், கருகருவென்று அழகான புள்ளி. சாரின் கை மெதுவாக மேஜையிலிருந்த என் அழைப்பிதழ் ஒன்றை எடுத்தது. அதிலும் அதே இடத்தில் அதே புள்ளி. 'உறவு' என்ற சொல்லுக்கு அருகில் இருந்ததால் நான் அதை முற்றுப்புள்ளி என்று நினைத்திருந்தேன்.

அவர் மெஷின் மூடியைத் தூக்கினார். கண்ணாடியில் கடுகில் பாதி அளவு பசைத் துளி, அதன்மேல் ஒட்டிய தூசு.

பெரியவருக்குப் பக்கத்துக் கடை மெஷினில் பதினான்கு நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பிய பிறகு, சார் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்கேலை எடுத்தார். எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. கண்ணாடி அழுக்கு என்றால் நான்கு படங்களிலும் ஒரே இடத்தில்தானே நின்றிருக்க வேண்டும்? அது எப்படி நடந்தது?

"நான்தான் நடக்க வச்சேன் சார்" என்றார். "நாலு படத்தையும் புத்தகமாத் தைச்சு வைக்கலாம்னு நினைச்சேன். தைக்கிற தாளை ஒவ்வொண்ணா ஒரு நூல் தள்ளித் தள்ளி வைக்கிறது என் பழக்கம். அப்பத்தான் எழுத்து மடிப்புக்குள்ள போகாது. கை தானா தள்ளிடுச்சு. படம் நகர்ந்துச்சு, அழுக்கு அங்கயே நின்னுச்சு. நட்சத்திரத்தைப் பொருத்தி வச்சுப் பாத்தப்போ..."

நட்சத்திரங்கள் நின்றன, அழுக்கு நடந்தது. கவனமில்லாத ஆள் தாளைக் கோணல்மாணலாக வைத்திருப்பார், புள்ளியும் கோணல்மாணலாகப் போயிருக்கும், யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். முப்பது வருஷச் சுத்தமான வேலைதான் அவரைக் கவிழ்த்தது.

 உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ருக்மணி அம்மாள் வெளியே வந்து தணிந்த குரலில் சொன்னார். "என்னங்க, மேடத்துக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லிடுங்க. நாளைக்கு ஊரே வருது. பொண்ணும் மாப்பிள்ளையும் வர்றாங்க. சால்வையைப் போட்டுக்கங்க. உறுதி ஆகலன்னு மெதுவா ஒரு மாசம் கழிச்சுச் சொல்லிக்கலாம்."

நானும் அதையே சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "வருஷக்கணக்காகும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க சார். யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நோட்டுல ஒரு தேதியைத் தெரிஞ்சே தப்பா எழுதுவீங்களா சார்?"



ஞாயிறு மாலை நூலகக் கூடம் நிரம்பிவிட்டது. மகளும் மருமகனும் முன்வரிசையில் இருந்தார்கள். வாசகர் வட்டத் தலைவர் சால்வையை விரித்துக்கொண்டு அருகே வந்தார். சார் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிட்டு, மைக்கைப் பிடித்தார். 

"எல்லாரும் மன்னிக்கணும். நான் கண்டுபிடிச்சது சிறுகோள் இல்லீங்க. எங்க கடை மெஷின் கண்ணாடியில ஒட்டியிருந்த பசை. அதுல கொஞ்சம் தூசு."

 ருக்மணி அம்மாள் தலை குனிந்திருந்தார். பின்வரிசையிலிருந்து செல்வத்தின் குரல் வந்தது. "அப்போ கோள் சொன்னது பொய்யா சார்?"

யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. வழக்கம்போல விளக்கத் தொடங்கிவிட்டார்.

"பொய் இல்ல செல்வம், அவசரம். ஆரம்பத்துல சூரியனைச் சுத்தி இருந்தது வெறும் வாயுவும் தூசும்தான். தூசு தூசோட ஒட்டி, உருண்டையாகி, கல்லாகி, மலையாகி, அப்புறம்தான் பூமி. நாம உக்காந்திருக்குற இந்த இடமே அப்படி வந்ததுதான். என் கண்ணாடியில ஒட்டினதும் அதே வேலையைத்தான் ஆரம்பிச்சிருக்கு. கிரகமாகக் கோடி வருஷம் விட்டிருக்கணும். நான் புதன்கிழமையே சொல்லிட்டேன்."

இந்த முறை கூடமே சிரித்தது. முன்வரிசையில் மகள்தான் முதலில் கை தட்டினார். தலைவர் சால்வையைப் போட்டே தீருவேன் என்று நின்றார். சார் அதை வாங்கி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டார். "புதன்லேருந்து சனி வரைக்கும் எடுத்த காப்பியெல்லாம் கொண்டாங்க, மாத்தித் தர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுண்டல்கூடச் சாப்பிடாமல் இறங்கிப் போனார்.

"நாளைக்குக் கடை திறக்க மாட்டாருன்னு நினைக்கிறேன்" என்று ருக்மணி அம்மாள் வாசலில் என்னிடம் சொன்னார். "படத்தையெல்லாம் கட்டிப் பரண்மேல போடச் சொல்லிட்டாரு. இவ்வளவு வருஷத்துல அவர் வேலையில ஒரு அழுக்கு விழுந்ததில்ல. அதுதான் அவருக்குத் தாங்கல."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. எனக்கு முன்பே பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன்: புள்ளி விழுந்த தாள் நான்கு பேரிடம்தான் இருந்தது. மற்றவர்களுக்கு நகல் எதுவும் தேவையில்லை. செல்வம் கையில் ஓட்டுநர் உரிமம். போன வாரமே அதற்கு ஐந்து நகல் எடுத்திருந்தார்.

"இதுக்கு எதுக்குப்பா மறுபடியும்?" என்றார் சார்.

"தொலைஞ்சுடுச்சு சார்."

"அஞ்சுமா?"

"அஞ்சும்தான். காத்துல போயிடுச்சு."

சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை எதற்காக வந்திருக்கிறது என்று சாருக்குப் புரிந்துவிட்டது. ஷட்டரை முழுசாக ஏற்றினார். மெல்லிய துணியை நனைத்து, மெஷின் கண்ணாடியை ஓரத்திலிருந்து ஓரம்வரை துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். ருக்மணி அம்மாள் வந்து துணியைப் பிடுங்கும்வரை துடைத்துக்கொண்டிருப்பாரோ என்று தோன்றியது.

வரிசையில் என் முறை வந்தது. என்னிடம் நகல் எடுக்க எதுவும் இல்லை. நோட்டிலிருந்து ஒரு வெற்றுத் தாளைக் கிழித்து நீட்டினேன்.

"இதுல ஒண்ணும் இல்லையே சார்?"

"தெரியும். எடுங்க."

எடுத்தார். வெளியே வந்த வெள்ளைத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியை நான்கு மூலைக்கும் கொண்டுபோய், நிதானமாகப் பார்த்தார். நகல் வாங்கியவர்களும் போகாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சுத்தமா இருக்கு சார்" என்றார்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எதையும் குறித்துவைக்கும் எனக்கு, அதில் மட்டும் எதுவும் எழுத மனம் வரவில்லை.