மெழுகு நூலும் மகளிர் தினக் கேக்கும்

எனக்குக் கைதட்டல் பிடிக்கும். இதை வெளியே ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்து நான்கு வயது ஆகவேண்டியிருந்தது.

என் வேலை அப்படி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவள் நான். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்ப்பேன். தையல் ஒரு நூல் அளவு விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். இதற்கெல்லாம் யாரும் கைதட்டுவதில்லை. (திட்டுவார்கள். உதடு அசையாமல் திட்டுவதில் எங்கள் லைன் பெண்கள் கெட்டிக்காரிகள்.) மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் உட்காரும் பெஞ்சில் ஷபானாவைத் தவிர வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவளும் தையல் மெஷினில் இருப்பவள்தான். ஆனால் அவள் தையலில் நான் இதுவரை குறை கண்டதில்லை. எங்கள் சிநேகிதம் அதனால்தான் பிழைத்திருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் கிறிஸ்துமஸுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பெயர் சொல்லாமல் பரிசு கொடுக்கும் விளையாட்டு நடந்தது. நான் டிபன் பாக்ஸ் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது நீலக் கலரில் ஒரு இரும்பு யோயோ. கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய் விரலில் மாட்டிக் கீழே விட்டேன். கீழே போய்ச் சுற்றிக்கொண்டே நின்றது. இழுத்தேன். மேலே வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். அப்படியே தொங்கியது.

"ஐட்டம் டேமேஜ்" என்று தீர்ப்பு சொன்னேன். (செக்கிங்கில் இருப்பவளுக்கு வேறென்ன தோன்றும்?)

என் கணவர் டேனியல் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அப்படித்தான் வருமாம் எஸ்தரு. இழுத்தா வராது. கயிற மடிச்சிக் கொடுத்தாத்தான் வருமாம். இதுல பெரிய பெரிய வித்தைலாம் பண்றாங்க, பாரு."

பார்த்தேன். வீடியோவில் ஒரு பெண் யோயோவைப் பக்கவாட்டில் வீசினாள். அது அரைவட்டம் அடித்து வரும் வழியில் இடது ஆள்காட்டி விரலைக் கயிற்றுக்குக் குறுக்கே நீட்டினாள். விரலைச் சுற்றி மேலேறிய யோயோ, தன் கயிற்றின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு இரண்டு கையையும் வெடுக்கென்று விரித்தாள். யோயோ தலைக்கு மேலே எகிறிப் போய், திரும்பி வந்து அதே கயிற்றில் உட்கார்ந்தது. மூன்று தடவை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

ஜனவரி முழுக்க யோயோ கயிற்றில் உட்காரவே இல்லை. என் முட்டியில் உட்கார்ந்தது, முழங்கையில் உட்கார்ந்தது, ஒருநாள் நெற்றியிலும் உட்கார்ந்தது. அடுத்த நாள் காலையில் காபி கொடுத்த மாமியார் என் நெற்றி வீக்கத்தை உற்றுப் பார்த்தார். நேராக மகனிடம் போனார்.

"டேனியலு, நெஜத்த சொல்லு. கை நீட்டுனியா?"

"அய்யோ, அம்மா! அவளா அடிச்சிக்கினா!"

"எல்லா ஆம்பளையும் இதத்தான்டா சொல்றான்."

நான் யோயோவைக் கொண்டுவந்து செய்து காட்டிய பிறகுதான் அத்தை நம்பினார். (செய்து காட்டியதில் கையில் இன்னொரு வீக்கம் வந்தது. சாட்சிக்கு அது உதவியது.)

பிப்ரவரியில் என்னை நானே வீடியோ எடுத்துப் பார்த்தேன். தப்பு நடக்கிற இடம் என்று நான் நினைத்தது வேறு, நடந்த இடம் வேறு. பிடிக்கும்போதுதான் சொதப்புகிறேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் வீசும்போதே மணிக்கட்டு கொஞ்சம் திரும்பிவிடுகிறது. அங்கேயே யோயோ சாய்ந்துவிடுகிறது. அப்புறம் எந்த இடத்தில் விரலை நீட்டினாலும் பிரயோஜனமில்லை. பத்து நாள் வித்தையை விட்டுவிட்டு வெறுமனே நேராக வீசிப் பழகினேன். கயிறு முறுக்கிக்கொண்டால், யோயோவைத் தொங்கவிட்டு முறுக்குப் பிரியும்வரை காத்திருக்கவும் கற்றேன். எதிலும் எனக்கு அவ்வளவு பொறுமை இருந்ததாக எங்கள் வீட்டில் யாரும் ஞாபகம் சொல்ல மாட்டார்கள்.

மிச்சத்தைச் சரிசெய்தவள் ஷபானா. சாப்பாட்டு வேளையில் நான் பழகுவதை டிபனை மூடிவைத்துவிட்டுப் பார்த்தாள்.

"நீ இன்னாத்த பாக்கற?"

"யோயோவத்தான்."

"தைக்கும்போது ஊசியப் பாத்தா தையல் கோணையாத்தான் போவும். தோல் ஓரத்தத்தான் பாக்கணும். அது எங்க வந்து ஒக்காரணுமோ அங்க பாரு."

இடது விரலுக்குப் பக்கத்துக் கயிற்றைப் பார்த்து வீசினேன். யோயோ வந்து உட்கார்ந்தது. ஷபானா மூடிவைத்த டிபனைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அதன் பிறகு பத்துக்கு ஆறு தடவை வந்தது. மனுஷி அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மகளிர் தின விழாவில் 'தனித்திறமை' நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்தேன். திறமையைக் காட்டிவிட்டால் இந்தப் பெண்களுக்கு என்னைப் பிடித்துப்போகும் என்று ஒரு கணக்கு. தினமும் அவர்கள் வேலையைத் திருப்பி அனுப்புகிறவள், தானும் ஒன்றை ஒழுங்காகச் செய்வாள் என்று தெரியட்டுமே.

விழா அன்று மெரூன் பட்டுப்புடவை கட்டினேன். யோயோவின் வெள்ளைக் கயிறு அழுக்காகி, நைந்து, புடவைக்குப் பொருந்தாமல் தொங்கியது. சாம்பிள் ரூமில் கைத்தையலுக்கு வைத்திருக்கும் சிவப்பு நூல் கண்ணில் பட்டது. மெழுகு போட்ட நூல். பளபளவென்று இருந்தது. ரெட்டையாக முறுக்கி, சுருக்குப் போட்டு, கட்டிவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் என்ன எடுப்பாகத் தெரியும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது மண்டையில் இல்லை.

கேன்டீன் ஹாலில் நானூறு பெண்களுக்கு மேல். முன்வரிசையில் எங்கள் மேனேஜர். அவருக்குப் பக்கத்தில், சிறப்பு விருந்தினராக வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர், கஞ்சி போட்ட காக்கியில். அவர் வெட்டுவதற்காக மேடையோரம் மூன்றடுக்குக் கேக்.

ஹெச்.ஆர். சார் மைக்கில் சீட்டைப் படித்தார். "அடுத்ததா, நம்ம செக்கிங் எஸ்தர் மேடம் வழங்கும்... யோகா!"

நான் பட்டுப்புடவையில் மேடை ஏறுவதைப் பார்த்துக் கூட்டம் கொஞ்சம் குழம்பியது.

"யோகா இல்ல சார், யோயோ."

முதலில் யோயோவை நேராகக் கீழே வீசினேன். கீழே நின்று சுற்ற வேண்டியது, மெழுகு கவ்விப் பிடித்ததில் போன வேகத்திலேயே திரும்பி வந்து தாடையில் அடித்தது.

"அச்சிச்சோ, அட்ச்சிக்கிச்சே!" என்று பின்வரிசையில் யாரோ பரிதாபப்பட்டார்கள்.

அந்தப் பரிதாபம்தான் என்னைக் கெடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துப் பக்கவாட்டில் வீசினேன். மெழுகேறி விறைத்த நூலில் போட்ட சுருக்கு விரலில் இறுகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. விரல் சட்டென்று லேசாகிவிட்டது. சிவப்பு வாலோடு யோயோ பறந்துபோய்க் கேக்கின் நடு அடுக்கில் புகுந்தது. புகுந்தது சும்மா இருந்ததா? உள்ளே போயும் சுற்றியது. கிரீம் மழையாகத் தெறித்தது. மேல் அடுக்கு மெதுவாகச் சாய்ந்தது. மேனேஜரின் மூக்குக் கண்ணாடி வெள்ளையானது. காக்கிச் சட்டையில் பூப்பூவாகக் கோலம்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். மேடையோரம் வந்து, கேக்குக்குள் இரண்டு விரலை விட்டு, நூலைப் பிடித்து அதை வெளியே தூக்கினார்.

"இது யாருது?"

"என்னுது மேடம்."

"இன்னா இது?"

"யோயோ மேடம்."

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் கேட்டார்: "லைசென்ஸ் வெச்சிருக்கியா?"

நானூறு பேரும் வெடித்தார்கள். தரையில் உட்கார்ந்து சிரித்தவர்கள் உண்டு. நான் சாம்பிள் ரூமுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் ஷபானா பேப்பர் தட்டில் கேக் கொண்டுவந்தாள்.

"இது சேதாரமில்லாத சைடு. துன்னு." பிறகு மெதுவாக, "புது நூலா கட்டன?"

"ஆமா."

"மெழுகு நூலு?"

"ஆமா."

"ட்ரையல் பாத்தியா?"

தினமும் பத்துப் பேரிடம் நான் கேட்கும் கேள்வி அது. எவ்வளவு பொல்லாத கேள்வி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்து கேக் புரையேறியது.

அடுத்த நாள் சாப்பாட்டு வேளை. லைனில் புதிதாகச் சேர்ந்த கோகிலா, காலையில் நான் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பியனுப்பிய பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தாள். சுற்றியிருந்த பெண்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"அக்கா, உங்க யோயோவ விட இது நேராத்தானே போயிருக்கு?"

எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "நேராத்தான் போயிருக்கு. ஆனா கடைசில ரெண்டு தையல் கம்மியா இருக்கு பாரு" என்று காட்டினேன். குனிந்து பார்த்தாள். "ஆமாக்கா, பிரிச்சித் தச்சிடறேன்" என்றவள், போகாமல் அங்கேயே டிபனைத் திறந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து இடம் கேட்டார்கள். மூன்று தடவை அந்தரத்தில் பிடித்துக் காட்டியிருந்தால் இவர்கள் வந்திருப்பார்களா? தெரியவில்லை. வந்திருக்க மாட்டார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். தப்பே செய்யாதவள் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட யாரால் முடியும்?

வித்தையை விடவில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது வெள்ளைக் கயிற்றில், மொட்டை மாடியில் மூன்று தடவையும் எகிறிப் போய் மூன்று தடவையும் வந்து உட்கார்ந்தது. துணி காயப்போட வந்த அத்தை மட்டும் பார்த்தார்.

"முடிஞ்சிதா? அந்தக் கொடியாண்ட விட்டு நகரு."

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், மெழுகுவத்தி ஏற்றும் முன் அத்தைதான் ஜெபம் செய்வார். நீளமான ஜெபம். பிள்ளைக்கு ஆயுசு, படிப்பு, நல்ல புத்தி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "இந்தக் கேக்கையும் காத்தருளும் ஆண்டவரே" என்பார். எல்லாரும் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொல்வார்கள்.