பாஸ்போர்ட் கட்டாயம், பாட்டு கற்றுத் தரப்படும்

பாடத் தெரிந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுப்பதைவிட, பாஸ்போர்ட் இருப்பவர்களுக்குப் பாடக் கற்றுக்கொடுப்பது சுலபம். இந்த மகத்தான உண்மை ஊரப்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு உதித்தது. உதித்த கையோடு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்க வேண்டும். செய்யவில்லை.

எங்கள் சேர்ந்திசைக் குழு ஞாயிறுதோறும் முடிச்சூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடும். பதினாலு பேர். பாதிப்பேர் சர்ச்சில் பாடிப் பழகியவர்கள், மீதிப்பேர் பாத்ரூமில். (நான் இரண்டாவது ரகம்.) நடத்துவது ஜெயசீலி அக்கா. ஒரே பாட்டை நாலு குரலாகப் பிரித்து, நாலு பக்கம் ஓடவிட்டு, கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அந்த நாலில் அடிக்குரல், ஷேர் ஆட்டோ ஓட்டும் செல்வம் அண்ணாவுடையது. அவர் ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடியும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, பினாங்கில் ஒரு தமிழ்ப் பாடகர் குழு எங்களை அழைத்தது. டிசம்பரில் இரண்டு குழுவும் சேர்ந்து கச்சேரி. டிக்கெட்டுக்கு அங்கே ஒரு புரவலர் இருக்கிறார். இருபத்துநாலு பேராவது வரவேண்டும். ஆறு வாரத்தில் மொத்தக் குழுவும் வீடியோ காலில் பாடிக் காட்ட வேண்டும். விமானத்தின் அடிவயிற்றை மட்டுமே பார்த்திருந்த செல்வம் அண்ணா, அந்தக் கடிதத்தை என் போனில் மூன்று முறை படித்தார்.

பதினாலு பேரில் ஏழு பேரிடம்தான் பாஸ்போர்ட் இருந்தது. செல்வம் அண்ணாவிடம் இல்லை. என்னிடம் இருந்தது. அந்தத் தகுதியில் நானே என்னைச் செயலாளராக நியமித்துக்கொண்டேன். ரயிலில் உதித்த உண்மையை அமல்படுத்தினேன்.

"அண்ணா, உங்களுக்கு எடுக்க டைம் ஆகும். போலீஸ் வெரிஃபிகேஷன்லாம் இருக்கு. அடுத்த தடவை பாத்துக்கலாம்." (மாதம் ஒருமுறை பினாங்கு போய்வருகிற குழு மாதிரி பேசினேன்.)

"பாட்டுக்குப் பாஸ்போர்ட்டா தம்பி, பாஸ்போர்ட்டுக்குப் பாட்டா?" என்றார். பிறகு, "சரி வுடு. நான் சேர் எடுத்துப் போட்டுகினு இருக்கேன்."

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்பு போட்டேன்: "வெளிநாட்டுக் கச்சேரிக்குப் பாடகர்கள் தேவை. பாஸ்போர்ட் கட்டாயம். பாட்டு கற்றுத் தரப்படும்." வந்தவர்களில் முக்கால்வாசி, மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போய்வந்த ரிட்டயர்ட் தம்பதிகள். காலாவதித் தேதியைப் பார்த்துப் பதினேழு பேரைத் தேர்ந்தெடுத்தேன். குரலை ஒருவரிடமும் கேட்கவில்லை.

முதல் ஒத்திகையில் கோவிலம்பாக்கம் ராமமூர்த்தி சார் கையைத் தூக்கினார். "தம்பி, செக்-இன் எத்தனை கிலோ? ஊறுகாய் அலவ்டா?"

"முதல்ல உங்க குரல் எத்தனை கிலோன்னு கேளுங்க" என்றார் அவர் மனைவி.

பதினேழு பேருக்கும் ஒரு பொது அம்சம் இருந்தது. வாராவாரம் பஜனைக்குப் போகிறவர்கள். பஜனையில் ஒருவர் ஒரு வரி பாடுவார். எல்லாரும் கைதட்டி அதைத் திருப்பிப் பாடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் வேறு மெட்டில் பாடினால் அவர் தப்பு செய்கிறார் என்று பாசத்தோடு திருத்துவார்கள். நாலு குரலாகப் பிரிக்க ஜெயசீலி அக்கா மூன்று வாரம் போராடினார். நாலாவது வாரம் நான் புத்திசாலித்தனமாகக் குறுக்கே புகுந்தேன்.

"அக்கா பாடுறதை அப்படியே திருப்பிப் பாடுங்க. வேற எதையும் யோசிக்காதீங்க."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் ராமமூர்த்தி சார். அக்கா என்னைத் திரிந்த பாலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வீடியோ கால் நாள். திரையில் பினாங்குக் குழுவின் தலைவர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில். அக்கா கேமராவைப் பார்த்து, "வணக்கம். நாங்க முடிச்சூர்லேர்ந்து பேசறோம்" என்றார்.

பின்னாலிருந்து பதினேழு பேரும், ராகத்தோடு, தாளத்தோடு: "வணக்கம்… நாங்க முடிச்சூர்லேர்ந்து பேசறோம்…"

அக்கா திரும்பினார். "இல்ல, இன்னும் ஆரம்பிக்கல."

"இல்ல… இன்னும் ஆரம்பிக்கல…" இந்த முறை கொஞ்சம் வேகமாக, பஜனையில் இரண்டாவது சுற்று வருமே, அப்படி.

"ஐயோ, நிறுத்துங்க" என்றேன் நான். பாதிப்பேர் அதை வாங்கிக்கொண்டார்கள். மீதிப்பேர் அக்காவுக்கு மட்டுமே விசுவாசம் என்று பழைய வரியிலேயே நின்றார்கள். அவர்கள் இரண்டு குரலாகப் பிரிந்து பாடியது அன்றுதான், முதல்முறை.

வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பினாங்கு போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

அப்போது கடைசி வரிசை நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து செல்வம் அண்ணா எங்கள் பழைய மழைப் பாட்டின் அடிக்குரலைத் தொடங்கினார். யாரையும் காப்பாற்றுவதற்காக இல்லை. "காது வலிச்சிச்சு தம்பி" என்று பிறகு சொன்னார். வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாஸ்போர்ட் இல்லாத மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா கையை உயர்த்தினார். பதினேழு பேரும் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் திரையிலிருந்து ஒரு கேள்வி: "பின்னால நிக்கிறவர் வர்றாரா?"

"அவருக்குப் பாஸ்போர்ட் இல்லீங்க" என்றார் அக்கா.

"அப்ப எடுத்துட்டு வாங்க. டிசம்பர் இல்லன்னா ஏப்ரல். பதினாலு பேர் போதும். ஆனா அவர் இல்லாம வராதீங்க."

விஷயம் என் வீட்டுக்கு வந்துசேர இரண்டு நாள் ஆனது. இன்றும் நான் "அம்மா, டிபன்" என்றால் அம்மாவும் தங்கையும் கைதட்டி, "அம்மா… டிபன்…" என்று இரண்டு சுற்று பாடிய பிறகுதான் தட்டு வரும்.

பதினாலு பேர் என்ற கணக்கில் நான் இருக்கிறேனா என்று அக்காவிடம் கேட்டேன். "உன்கிட்ட பாஸ்போர்ட் மட்டும்தான்டா இருக்கு. இல்லாத ஏழு பேருக்கும் அதை வாங்கிக் குடு. அப்புறம் குரலைப் பாக்கலாம்."

புதன்கிழமை ஏழு பேருக்கும் பாஸ்போர்ட் ஆபீசில் அப்பாயின்ட்மென்ட். செல்வம் அண்ணாவுக்கு ஒரே கவலை. "போலீஸ் வூட்டாண்ட வந்து விசாரிச்சா தெருவுல இன்னா நெனைப்பாங்க?"

"நான் வந்து வீடு வீடா எடுத்துச் சொல்றேன்ணா."

"நீ ஒண்ணும் சொல்லாம இருந்தாலே போதும்பா."

ஆகவே புதன்கிழமை காலை, ஏழு ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் அவர் பின்னால் போகப்போகிறேன்.