ஏரிச் சேற்றில் கிடைத்த குடியிருப்புச் சான்று

எங்கள் ஊர் ஏரி, ஏரிதானா என்று மேன்மை தங்கிய அலுவலகத்துக்குத் திடீரென்று ஐயம் வந்துவிட்டது. "தண்ணீர் தேங்கிய காலி மனை" என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அங்கே மீன் பிடித்துப் பிழைக்கும் ஒரே ஆளான வலைக்காரர் பதறிப் போனார். நாங்கள் சும்மா விடுவோமா? பந்தல் போட்டு, தொண்டை கிழியக் கத்தினோம்.

மண் ஆராய்ச்சி செய்யும் அம்மா ஒருவர் உதவிக்கு வந்தார். தண்ணீரில் வாழும் உயிரெல்லாம் செதில், தோல், கழிவு என்று எதையாவது விட்டுவிட்டுப் போகுமாம். அதன் மரபணு அடிச்சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்திருக்குமாம். நீளக் குழாயை இறக்கிச் சேற்றை உருவினார், சோதித்தார், அதிகாரியின் மேஜையில் அறிக்கையை வைத்தார்.

"பாருங்க சார், ஆயிரம் வருஷமா கெண்டை, விரால், தாமரை. இது ஏரிதான்."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "சேத்துக்குச் சான்றொப்பம் வாங்கலையே?"

"சேத்துக்கு எப்படி சார்?"

"சரி, பெரிய மனசு பண்ணி விட்டுடறேன். மேல் அடுக்குல என்ன இருக்கு?"

அம்மா தயங்கினார். "மனுஷங்க. முப்பது வருஷமா. ஆனா ஊர்ச் சாக்கடை அதுலதான் விழுது சார், அதனாலதான்..."

"எந்த வழியா வந்தா என்ன மேடம்? முப்பது வருஷமா மனுஷங்க அங்க இருக்காங்கன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. மீன்?"

"குறைஞ்சு போச்சு."

"காலி பண்ணிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லுங்க. சபாஷ்!"

மறுநாளே ஆணை வந்தது. மேற்படி சேற்றில் எவருடைய மரபணு உள்ளதோ, அன்னார் மேற்படி இடத்தின் நெடுநாள் குடியிருப்பாளர். அன்னாருக்கு இலவச மனை. எச்சிலுடன் நேரில் வரவும்.

அன்று எங்கள் போராட்டப் பந்தலில் ஈ காக்கை இல்லை. ஊரே அலுவலக வாசலில் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றது. என் மாமனாருக்குச் சர்க்கரை வியாதி, ஓயாமல் ஒன்றுக்குப் போகிறவர்; மனிதருக்கு இரண்டு மனை கிடைத்தது.

எனக்கு முன்னால் வலைக்காரர் நின்றார். பிழைப்புதான் போயிற்று, ஒரு மனையாவது கிடைக்கட்டுமே என்று வந்திருந்தார், பாவம். அவர் எச்சிலைச் சோதித்துவிட்டு அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க மரபணு ஒரு பொட்டுகூட இல்லையே. நாப்பது வருஷமா அங்கதான் இருக்கேன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க. சோறு போடற தண்ணி. நான் அதுல எச்சில்கூடத் துப்பினதில்லைங்க."

"அப்போ உங்களுக்கும் அந்த ஏரிக்கும் சம்பந்தமே இல்லை" என்று முத்திரை குத்தினார் அதிகாரி.

வலைக்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"நகருங்கண்ணே, நேரமாகுது" என்றேன் நான்.