புது ரூமின் மேல் வைக்கோல்

எனக்குத் தெரியாத விஷயத்தில்தான் நான் ரொம்ப தைரியமாகப் பேசுவேன். உத்திரமேரூரில் பரம்பரையாக நெல் வைக்கிற குடும்பத்தில் பிறந்தும், பி.எஸ்ஸி. படித்துவிட்ட மிதப்பில் கழனியில் கால் வைக்காமல் திரிந்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். தென்னேரியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று (அவளுக்கும் என்னைப் பிடித்தது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்). அவள் அப்பாவுக்கு மட்டும் இரண்டு குறை. வருகிற பெண்ணுக்கு எங்கள் வீட்டில் தனி ரூம் இல்லை. மாப்பிள்ளைக்கு விவசாயம் தெரியாது. இரண்டாவதைச் சரிசெய்ய முடியாது என்று தெரிந்த என் அப்பா, அதாவது நைனா, ஓட்டு வீட்டை ஒட்டித் தளம் போட்ட ரூம் ஒன்று கட்ட ஆரம்பித்தார். ஐப்பசி பிறந்ததும் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத் தென்னேரியிலிருந்து தகவல் வந்தது.

புரட்டாசிக் கடைசியில் தளம் போட்டோம். மேஸ்திரி கரணையைக் கழுவும்போதே வானம் கறுத்தது. மழை விழுந்தால் சிமெண்ட் கரைந்துவிடும், ஓடிப் போய் ரைஸ் மில்லில் தார்ப்பாய் கேட்டு வாங்கி வா என்று நைனா விரட்டினார். தார்ப்பாயா? அப்புறம் பி.எஸ்ஸி. எதற்கு? வைக்கோலைப் பரப்பினால் மழையின் வேகம் தணிந்துவிடும் என்று மேஸ்திரிக்கே பாடம் நடத்தினேன். களத்து மூலையில் கிடந்த வைக்கோலைக் கட்டுக் கட்டாகத் தூக்கி வந்து, ஏணியில் நின்றபடி தளம் முழுக்கப் பரப்பினேன். தளம் தப்பித்தது.

மறுநாள் மேஸ்திரி தளத்தின் ஓரம் சுற்றிலும் மண்ணால் வரப்பு கட்டி, தண்ணீர் தேங்கி நிற்கட்டும், அப்போதுதான் தளம் இறுகும் என்று சொல்லிப் போனார். தண்ணீரை வானமே ஊற்றியது. வைக்கோலை யாரும் தொடக்கூடாது என்று நான் உத்தரவு போட்டேன் (மீசையை முறுக்கிக்கொண்டுதான்). பத்து நாள் யாரும் மேலே ஏறவில்லை.

ஐப்பசியில் தென்னேரிக்காரர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். தளத்தையும் பார்க்கலாமா தம்பி என்றார். பெருமையாக ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறியதும் நானும் பின்னாலேயே ஏறி எட்டிப் பார்த்தேன். தளம் முழுக்கப் பச்சைப் பசேலென்று நெல் நாற்று, சாண் உயரத்துக்கு.

கீழேயிருந்து விஷயம் கேட்ட நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

"அது ஒரு தபா அடிச்ச வைக்கோல்டா. மாடு கட்டி இன்னொரு தபா அடிக்கலாம்னு வெச்சிக்கினு இருந்தேன். நெல்லு இன்னும் அதுலதான கீது."

கல்யாணம் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தென்னேரிக்காரர் குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்.

"வெவசாயம் தெரியாதுன்னாங்க. வரப்பு கட்டி, தண்ணி நிறுத்தி, நாத்து வுட்டுக் கீறியே, மாப்ள."

சொல்லிவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கீழே நைனா சிரித்த சிரிப்பில் அவர் பிடித்திருந்த ஏணி ஆடியது. அதில் நான்தான் நின்றிருந்தேன்.

போகும்போது நாற்றை முடி முடியாகக் கட்டி எடுத்துப் போய், தம் கழனி ஓரத்தில் நட்டார். மாசியில் எங்கள் கல்யாண அட்சதையில் அந்தத் தளத்து நெல்லும் ஒரு பிடி இருந்தது.

ரூம் இன்றுவரை ஒழுகவில்லை. ஆனால் மழைக்காலத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி மேலே கையைக் காட்டுவாள்.

"எங்க வூட்டுக்காரரு ஆயுசுல வெச்சது ஒரே ஒரு போகம். அத்த நம்பித்தான் எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தாரு."