வைப்பர் வைப்பார்

பழைய காரின் பின்கண்ணாடிக்குத் தன் கையாலேயே வைப்பர் மாட்டப்போவதாக அளவுக்காரர் சபதம் செய்தபோது, அதை ஒருநாளும் மாட்டிவிடக் கூடாது என்பதில் அவர் மிகவும் உறுதியாக இருந்தார்.

அளவுக்காரர் என்பது ஆபீஸில் வைத்த பெயர். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. குளியல் சோப்பு வாங்கினாலும் நீள அகலம் பார்த்துத்தான் வாங்குவார். அவருடைய காருக்குப் பதினெட்டு வயது. பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற குட்டிக் கார். தன் முகத்தைக்கூட அவர் அத்தனை பரிவோடு துடைத்துக்கொண்டதில்லை.

மனைவிக்கு லைசென்ஸ் கிடைத்த அன்று சிக்கல் தொடங்கியது. அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிற வேலை. லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவையே பாஸ். அளவுக்காரர் எத்தனையாவது தடவையில் பாஸானார் என்பது அந்த வீட்டில் பேசப்படுவதில்லை.

"ஏங்க, நாளையிலேர்ந்து வாரத்துல மூணு நாள் கார் எனக்கு. மூணு நாள் உங்களுக்கு."

அவர் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"தாராளமா எடுத்துக்கோ! ஆனா இது மழைக்காலம். பின்கண்ணாடி பூரா தண்ணி. ரிவர்ஸ் எடுத்தா பின்னாடி இருக்கிறது சுவரா, ஆளான்னே தெரியாது. உன் உயிரு எனக்கு முக்கியம்."

"அப்ப உங்க உயிரு?"

"நான் பழகினவன். எனக்குப் பின்னாடி இருக்கிறதெல்லாம் காதுலயே தெரிஞ்சிடும்."

"முன்னாடி நான் பேசுறதே உங்க காதுல விழறதில்ல. சரி, பின்னாடி ஒரு வைப்பர் மாட்டிட்டா?"

"மாட்டின மறுநாளே சாவி உன் கையில. சத்தியம்!"

"அப்ப நாளைக்கே மெக்கானிக்கிட்ட விட்டுடலாம்."

"மெக்கானிக்கா? என் காரை எவனோ ஓட்டை போடுறதா? நானே மாட்டுறேன். வைப்பர் மட்டுமில்ல, தண்ணி பீச்சுற பம்பும் சேர்த்து!"

அப்படிப் பிறந்ததுதான் அந்தச் சபதம். மெக்கானிக் என்றால் ஒரே நாள். தானே என்றால் மழைக்காலம் முடிந்து, வெயில் வந்து, அடுத்த மழையும் வந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் ஒயர் போகும் பாதைக்குப் படம் வரைந்தார். ஏழு வண்ணப் பென்சில். மூன்றாம் வாரம் பழைய சாமான் கடையில், அதே காரின் உயர்ந்த ரகத்திலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டரும் அதன் கையும் கிடைத்தன. நான்காம் வாரம் கண்ணாடியை அளந்தார். ஐந்தாம் வாரம், வெயிலில் கண்ணாடி விரிந்திருக்கும் என்று மறுபடி அளந்தார். அளக்கும்போதெல்லாம் மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

"வைப்பர் வைப்பார், வைப்பர் வைப்பார்னு நானும் ஒரு மாசமா பாக்கிறேன். வைப்பாரா, இல்ல தள்ளி வைப்பாரா?"

"அவசரப்பட்டா ஓட்டை கோணலாயிடும். அப்புறம் ஆயுசுக்கும் ஒழுகும்."

"ஒழுகறதை விடுங்க. நகருதான்னு சொல்லுங்க."

ஆறாம் ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டு லைன்மேன் அண்ணன் வந்தார். டெலிபோன் கம்பம் ஏறி ரிட்டயர் ஆனவர். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். படத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"படம் அழகா இருக்கு தம்பி. ஃப்ரேம் போட்டு மாட்டிடுங்க. வைப்பர் மாட்டறது உங்களால ஆகாது."

"என்னண்ணே சொன்னீங்க?"

"பேப்பர்ல கோடு கிழிக்கிற கைக்கு ஒயர் இழுக்க வருமா? அதுவும் ஆடுற கதவுக்குள்ள. நாலு நாள்ல அத்துக்கிட்டு வந்துரும். நல்ல மெக்கானிக்காப் பாத்து விடுங்க."

அளவுக்காரருக்குக் காது சிவந்தது. ஆபீஸில் மேலதிகாரி திட்டினால் பொறுப்பார். மனைவி கேலி செய்தால் அதையும் பொறுப்பார். "ஆகாது" என்று ஒருவர் சொன்னால் மட்டும் அவருக்குப் பொறுக்காது.

"எடு அந்த டிரில்லை!" என்றார் மனைவியிடம். அவள் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தாள். டார்ச்சும் அவள் கையில்தான்.

அன்று பகல் முழுக்க அவர் மனிதராகவே இல்லை. பின்கதவில் ஓட்டை போட்டார். வெட்டிய விளிம்பு துருப்பிடிக்காமல் பெயின்ட் தடவினார். மோட்டரை முடுக்கினார். கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய் வழியே ஒயரை நுழைத்தார். ஒவ்வொன்றையும் வாயால் விளக்கிக்கொண்டே செய்தார்.

"இது எர்த். இதைச் சுரண்டின இரும்புலதான் முடுக்கணும். பெயின்ட் மேல முடுக்குனா வேலை செய்யாது. புரியுதா?"

"புரியுதுங்க. மேல சொல்லுங்க."

மூன்று மணிக்கு முதல் சோதனை. ஸ்விட்சைத் தட்டினார். வைப்பர் அசையவில்லை. அலுத்துப்போய் பிரேக்கில் காலை வைத்தார். வைப்பர் பாய்ந்து ஆடியது. காலை எடுத்தார். நின்றது. பக்கத்தில் இருக்கிறதே என்று பிரேக் விளக்கு ஒயரிலிருந்து கரன்ட் எடுத்திருந்தார்.

"பரவாயில்ல தம்பி, மழையில பிரேக் போட்டுக்கிட்டே ஓட்டுங்க" என்றார் லைன்மேன் அண்ணன், பின்சீட்டில் சாய்ந்தபடி.

அளவுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தரைவிரிப்பை உரித்து, முன்னாலிருக்கும் ப்யூஸ் பெட்டியிலிருந்தே புது ஒயர் இழுத்தார். நான்கரைக்குப் பம்பைத் தட்டினார். கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை. கூரைக்குள் குழாய் கழன்று, அத்தனை தண்ணீரும் அண்ணனின் வழுக்கையில் இறங்கியது.

அதையும் சரிசெய்தார். ஐந்தரைக்குத் தண்ணீர் பீச்சியது. வைப்பர் அரைவட்டம் போட்டது. கண்ணாடி பளிச்சென்றது. தெருவே கைதட்டியது. அளவுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"ஆகாதுன்னீங்களே?"

"என்னை ஏன் முறைக்கிறீங்க? 'ஆகாது'ன்னு ஒரே ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கண்ணே, மத்ததை அவரே பாத்துக்குவாருன்னு தங்கச்சிதான் சொல்லுச்சு" என்று வழுக்கையைத் தடவினார் அண்ணன்.

அளவுக்காரர் மெதுவாகத் திரும்பினார். மனைவி டார்ச்சை அணைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவி."

இருந்தாலும் அவர் விட்டுவிடவில்லை. திங்கட்கிழமை காலை, அவள் தலை வாரும் நேரத்தில் வைப்பரின் ப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே நல்ல மழை. அவள் காரில் ஏறி ஸ்விட்சைத் தட்டினாள்; பின்னால் ஒன்றும் அசையவில்லை.

"அடடா, வைப்பர் ஓடலையா? பழைய மோட்டர் பாரு. போய்ட்டுப் போகுது, இன்னிக்கு நான் எடுத்துட்டுப் போறேன். வர்ற ஞாயித்துக்கிழமை பிரிச்சுப் பாக்கலாம்."

அவள் பதற்றப்படவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்தாள்.

"வைப்பரும் ஓடல, பம்பும் ஓடல. ரெண்டும் ஒண்ணாவா கெட்டுப்போகும்? ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது ஒரே ஒரு ப்யூஸ். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

கைப்பையிலிருந்து புது நீல ப்யூஸ் ஒன்றை எடுத்துச் செருகினாள். வைப்பர் எழுந்து ஆடியது.

"உங்க பையில இருக்கிறதை ஞாபகத்துக்கு நீங்களே வச்சுக்குங்க."

பஸ் நிறுத்தத்தில் அவர் முழங்கால்வரை நனைந்து நின்றார். கார் அவரைக் கடந்து போனது. பின்னாலிருந்து வைப்பர் இடமும் வலமுமாக அவருக்கு டாட்டா காட்டியது. துளிக் கோணல் இல்லை. அவர் மாட்டியதாயிற்றே! அழுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் நின்றபோது, பக்கத்தில் ஒரு குடை வந்து நின்றது. லைன்மேன் அண்ணன்.

"என்னண்ணே, நீங்க பஸ்ஸுல? உங்க கார் எங்கே?"

"வீட்டுக்காரி எடுத்துக்கிட்டுப் போயிட்டா தம்பி" என்றார் அண்ணன், பஸ் வரும் திசையைப் பார்த்தபடி. "நேத்து ராத்திரி நீங்க அசந்து தூங்கினப்ப, தங்கச்சி வந்து, வீட்டுக்காரி வாங்கி வச்சிருந்த வைப்பரை எங்க காருக்கும் மாட்டிக் குடுத்துருச்சு. ரெண்டு மணி நேரம்கூட ஆகல."