அரித்தால்தான் மருந்து

ஒரு காட்டில், பெயரைச் சொன்னால் நாளைக்கே அங்கே சுற்றுலா பஸ் போய் நிற்கும், அதனால் வேண்டாம், ஒரு முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது. குளிர்மலைக் காடு. பனிக்காலத்தில் தோண்டினாலும் கிழங்கு அகப்படாது. அப்போது வயிற்றை நிரப்புவது காட்டு ரோஜாப் பழம்தான். சுண்டைக்காய் அளவில் செக்கச்செவேலென்று இருக்கும். உள்ளே விதையைச் சுற்றிப் பொடிமுடி போலச் சுணை. அது தொண்டையில் பட்டால் அரிப்பு சாமானியத்தில் அடங்காது. முள்ளம்பன்றி பழத்தைப் பிளந்து, சுணையை நகத்தால் வழித்து எறிந்துவிட்டு, சதையைக் குட்டிகளுக்குக் கொடுக்கும். சத்து என்ற வார்த்தையே அதற்குத் தெரியாது. குட்டிகள் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன.

அந்த நேரத்தில், யாரோ சுற்றுலாக்காரர் தவறவிட்ட செல்போன் ஒரு மந்தியின் கையில் சிக்கியது. அன்று சாயங்காலமே மந்தி டாக்டராகிவிட்டது.

"காட்டு ரோஜாப் பழத்துல ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகமாம்! மூட்டுவலிக்கும் நல்லதாம்!"

அவ்வளவுதான். நேற்றுவரை அந்தப் புதரை மிதித்துக்கொண்டு போன காட்டெருமைக்குத் திடீரென்று முட்டி வலித்தது. கரடிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மந்தி புதரைச் சுற்றி வேலி போட்டு, படிவமும் டோக்கனும் கொடுக்க ஆரம்பித்தது.

முள்ளம்பன்றியும் வரிசையில் நின்றது.

"என்ன வியாதி?" என்றது மந்தி.

"பசிங்க. குட்டிங்க ரெண்டு நாளாப் பட்டினி."

"பசிக்குப் படிவத்துல கட்டமே இல்லையேம்மா. தள்ளி நில்லு."

அதற்குள் பழத்தை முழுசாக விழுங்கிய கரடி, கழுத்தை மரத்தில் தேய்த்துக்கொண்டே ஓடிவந்தது. "டாக்டரே, தொண்டை பிச்சுக்குது!"

"நோய் வெளியே போகுதுண்ணே. அரிக்கலைன்னாத்தான் பயப்படணும்."

"அப்படியா? இன்னும் ரெண்டு பழம் குடுங்க!"

முள்ளம்பன்றிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அது நோயில்ல, சுணை. வழிச்சுப் போட்டுட்டுச் சதையை மட்டும் தின்னுங்க."

"நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?" என்றது கரடி.

"நாம தேறிடக் கூடாதுன்னு இவளுக்கு வயித்தெரிச்சல்" என்று சொல்லி, காட்டெருமை ஓர் உதை விட்டது. முள்ளம்பன்றி உருண்டுபோய்த் தன் வளையின் வாசலில் விழுந்தது. உள்ளே குட்டிகள் பழைய பழத்தோலை நக்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் அது மிகப் பவ்யமாக வந்தது.

"மன்னிக்கணும் டாக்டர் ஐயா. நேத்து பொய் சொல்லிட்டேன். மருந்தெல்லாம் சுணையிலதான் இருக்கு. சதையைச் சேர்த்துத் தின்னா வீரியம் செத்துப்போகும். எங்க பரம்பரை ரகசியம், இப்ப வாய்விட்டுச் சொல்லிட்டேன்."

"பாத்தியா! நான் அப்பவே நெனச்சேன்!" என்றது கரடி.

மந்தி போனைத் தடவிப் பார்த்தது. அது சார்ஜ் தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "நானும் இதைத்தான் படிச்சேன்" என்றது.

அன்றுமுதல் காடே சுணையை இலையில் மடித்து வாயில் போட்டுக்கொண்டு ராப்பகலாகச் சொறிந்தது. உடம்பு நன்றாகத் தேறியிருப்பதாக ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டது. வேலிக்கு வெளியே சதை மலையாகக் குவிந்தது. "குப்பைதானே, நானே அள்ளிடறேன்" என்றது முள்ளம்பன்றி. அந்தத் துப்புரவுச் சேவையை மெச்சி மந்தி அதற்கு ஒரு பொன்னாடை போர்த்தியது. முள்ளில் மாட்டி நாலாகக் கிழிந்தது. குட்டிகளுக்குப் படுக்கையாயிற்று.

நீதி: சத்து சதையில் இருக்கிறது என்று சொன்னால் உதைப்பார்கள். அரிப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கூடையோடு பக்கத்தில் நில்.