கட்டுகஸ்தோட்டையில் உங்களுக்குத் துப்புக் கொடுப்பவர் யார்?

கட்டுகஸ்தோட்டை,
திங்கட்கிழமை காலை.

'விதைப்பை' மாதாந்தப் பிரசங்கக் குறிப்பேட்டின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பஸ்தியாம்பிள்ளை கிறிஸ்துவின் நாமத்தில் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் மனைவி கிறேஸும் சுகம். தங்கள் சுகத்தையும் முறைப்படி விசாரிக்கிறேன். விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை என்பது போகப்போகத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பற்றி உங்களுக்குத் துப்புக் கொடுப்பவர் யார்?

உங்கள் குறிப்பேடு வருவதற்கு முன்னால் எங்கள் சபையில் சமாதானம் இருந்தது. பேக்கரிக்கு மேல்மாடியில் கூடுகிற சின்னச் சபை. போதகர் கிருஷாந்தன் நல்ல பிள்ளை. பிரசங்கம் என்றால் நோவாவின் பேழையில் ஏறுவார், எங்கெங்கோ மிதப்பார், கீழே பேக்கரிப் போறணையிலிருந்து பாண் வேகிற மணம் வரும்போது ஆமென் சொல்லி இறங்கிவிடுவார். ஒருவர் மனமும் நோகாது. நானும் கண்ணை மூடிக் கேட்பேன், சில நாள் ஆமெனுக்குத்தான் விழிப்பேன். இப்படி இருந்த மனிதர் தை மாதத்தில் ஒரு ஞாயிறு திடீரென்று மூன்று தலைப்பு போட்டுப் பேச ஆரம்பித்தார். நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவனுக்கு விடாதவனைப் பற்றிப் பிரசங்கம். ஐயா, எங்கள் மாடியில் மின்விசிறி ஒன்றே ஒன்றுதான், அதற்குக் கீழே உள்ள கதிரை என்னுடையது. பிரசங்கம் முடியும்வரை ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, தற்செயல் என்று விட்டேன். அடுத்த வாரம் நீட்டி முழக்கி ஜெபிக்கிறவர்களைப் பற்றிப் பேசினார். முந்தின வெள்ளி வீட்டுக் கூட்டத்தில் நான்தான் முடிவு ஜெபம் செய்தேன். அதற்குள் பொரித்து வைத்த ரோல்ஸ் ஆறிப்போனது உண்மை, ஆனால் நாட்டுக்காக ஜெபிக்கும்போது மாகாணம் மாகாணமாகத்தானே போகவேண்டும்? அன்றைக்கே எனக்குச் சந்தேகம் கிறேஸ் மேல் விழுந்தது. எங்கள் சபையில் யாரும் யாரைப் பற்றியும் புறம் பேசமாட்டார்கள், ஜெபக் குறிப்புத்தான் கொடுப்பார்கள். "எங்க வீட்டுக்காரருக்காக ஜெபிச்சுக்குங்க" என்று ஒரு பெண் தொடங்கினால், "என்ன காரியத்துக்கு" என்று மற்றவர்கள் கேட்பார்கள், கேட்டால் சொல்லத்தானே வேண்டும். இதை நான் கிறேஸிடம் கேட்டபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "உங்களப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா ஜெபக்கூட்டம் விடியிற வரைக்கும் நடக்கணுமே, அதனாலதான் சொல்றதில்ல" என்றாள். மறுப்பா, ஒப்புதலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த சந்தேகம் பக்கத்து வீட்டு வீரய்யா மேல். அவர் இந்துக் கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனால் எங்கள் போதகர் கண்டிக்குப் போக வர அவருடைய த்ரீவீலில்தான் ஏறுவார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனம் ஊர்கிற வேகத்துக்கு ஒரு மனிதனின் முழுச் சரித்திரத்தையும் சொல்லி முடித்துவிடலாம். ஆகவே கண்ணி வைத்தேன். நான் பழையபடி கத்தோலிக்கக் கோயிலுக்கே திரும்பிவிட யோசிப்பதாக வீரய்யாவிடம் மட்டும் ஒரு பொய் சொன்னேன். அந்த ஞாயிறு பிரசங்கத்தின் தலைப்பு, 'கலப்பையில் கை வைத்தவன் திரும்பிப் பார்க்கலாமா'. நான் ஆராதனை முடியும்வரை பொறுக்கமுடியாமல் பொறுத்து, வேகமாக வந்து வீரய்யாவின் த்ரீவீலுக்கு முன்னால் நின்றேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை உதறிவிட்டு, "ஐயா, அந்தப் பாஸ்டர் ஏறுனா நானு மழையப் பத்திப் பேசுவேன், அவரு வெயிலப் பத்திப் பேசுவாரு. ஒங்கள ஏத்திக்கிட்டுப் போக எங்க வண்டியில எடமில்ல" என்றார். இரண்டு வாரமாக அவர் எனக்கு ஹோர்ன் அடிப்பதில்லை.

பிறகுதான் போதகர் வீட்டு மேசையில் உங்கள் குறிப்பேட்டைக் கண்டேன், தை மாதம் தொடங்கி அவர் பேசியதெல்லாம் அதில் இருந்தது. அவர் ஒளிக்கவும் இல்லை. "ஐயா, நான் ரொம்பச் சோர்ந்துபோயிருந்தேன். என் பிரசங்கத்துல ஒருத்தரும் தொடப்படலன்னு ஊழியத்தையே விடப் பாத்தேன். அப்பதான் இத ஒரு நண்பர் அனுப்புனாரு" என்றார். பின்னட்டையில் நீங்கள் ஊழியக்காரருக்கு எழுதிய ஊக்கக் கடிதத்தையும் வாசித்தேன். உங்கள் சத்தம் ஒரு இருதயத்தையாவது எட்டும், கலங்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு இருதயம் எது என்று எனக்குத் தெரியும் ஐயா. வாரா வாரம் அது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. நான் கவனித்தது இன்னொன்று. கலப்பைப் பிரசங்கம் போன மாதமே அச்சாகித் தபாலில் வந்திருக்கிறது, முத்திரையில் திகதி இருக்கிறது. நானோ அந்தப் பொய்யை அதற்குப் பிறகுதான் சொன்னேன். அப்படியானால் உங்கள் ஆள் நான் சொல்லப்போகும் பொய்யையும் முன்கூட்டியே அறிகிறவன். சும்மா ஆள் இல்லை.

இதெல்லாம் போகட்டும். நேற்றைய பிரசங்கத்துக்குத்தான் இந்தக் கடிதம். வீட்டுக்குள்ளே தம்பிக்கு விருந்து நடக்க, உள்ளே வரமாட்டேன் என்று வெளியே நின்ற மூத்தவனைப் பற்றிய உவமை. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், லக்ஸ்மன், தெல்தோட்டையில் தோட்டத்துக் கிளார்க். அவன் மகள் ஷெரோனுக்கு வருகிற சனிக்கிழமை பிலிமத்தலாவையில் கலியாணம். நானும் அவனும் பேசி மூன்று வருடம். காரணம் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். எங்கள் அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் என் வீட்டில்தான் கிடந்தார். தூக்கி உட்கார வைத்தது, கஞ்சி கொடுத்தது எல்லாம் நானும் கிறேஸும். அடக்க ஆராதனையில் லக்ஸ்மன் எழுந்து நன்றியுரை சொன்னான். பூ வளையம் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி, பஸ் டிரைவருக்கு நன்றி, கதிரை கொடுத்த ஃபாஸில் முதலாளிக்கு நன்றி, குடை பிடித்தவனுக்கு நன்றி. என் பெயர் வரவில்லை. சொல்லாமலே உட்கார்ந்துவிட்டான். நான் அன்றைக்கு வாயை மூடியவன்தான். இப்போது கலியாணக் கார்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறான். சொந்த அண்ணனுக்கு, நேரில் வந்து கையில் கொடுக்கவேண்டிய கார்டு, தபாலில். போகமாட்டேன் என்று கிறேஸிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஐயா, ஷெரோன் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தாள். காலையில் "பெரியப்பா, பஸ் வருது" என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அந்தப் பிள்ளையைக் கலியாணக் கோலத்தில் பார்க்காமல் போனால் எனக்குத் தாங்காது. இதை நான் கிறேஸிடம் சொல்லவில்லை, வீரய்யாவிடம் சொல்லவில்லை, ஜெபத்தில்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. நேற்றுப் போதகர் உங்கள் குறிப்பைப் பார்த்து, "வெளியே நிற்கிறவனுக்கும் உள்ளே வர ஆசைதான், வாய்தான் சொல்லாது" என்றாரே, அதை உங்களுக்குச் சொன்னது யார்? பெயரும் விலாசமும் வேண்டும். தராவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து எங்கள் சபைக்கு 'விதைப்பை' அனுப்புவதை நிறுத்திவிடவும். போதகர் நோவாவிடமே திரும்பிப் போகட்டும்.

தங்கள் ஊழியம் மென்மேலும் பெருகவும், ஆனால் வேறு ஊர்ப் பக்கமாகப் பெருகவும், ஆண்டவர் தங்களையும் தங்கள் குடும்பத்தையும் காத்துக்கொள்ளவும் வேண்டி,

இப்படிக்கு,
விழிப்போடிருக்கும்
ம. பஸ்தியாம்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதைச் சேர்க்கிறேன், பசை இளகியிருந்தால் மன்னிக்கவும். தபாலில் போடப் புறப்படும்போது வாசலில் லக்ஸ்மன் நிற்கிறான். கையில் குடை, முகத்தில் கோபம். மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு இது. "அண்ணே, ஒங்க சபையில என்னயப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லிக்கிங்க. எங்க பாஸ்டருக்கும் சொல்லிக் குடுக்கணுமா?"

"நா எங்கடா சொன்னேன்?"

"நேத்து அவரு கேட்டாரு, 'வெளிய நிக்கிறவன உள்ள கூப்பிட நீ போனியா, இல்ல தபால்ல அனுப்புனியா'ன்னு. தபால்னே சொன்னாரு அண்ணே. நம்ம குடும்பத்துல தபால் கந்தோர்ல இருந்தது நீங்க ஒருத்தருதான்."

நேற்று இரவல் வாங்கி வந்த உங்கள் குறிப்பேட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். தெல்தோட்டையிலும் இதே புத்தகம், இதே ஞாயிறு, இதே பக்கம். இரண்டு பேரும் வாசித்தோம். முதல் தலைப்பு எனக்கு, இரண்டாவது தலைப்பு அவனுக்கு, அதை நேற்று நான் காதில் வாங்கவே இல்லை. துப்புக் கொடுத்தது யார் என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். அவன் கிறேஸைப் பார்த்தான், நானும் கிறேஸைப் பார்த்தேன். அவள் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். அந்தச் சாக்கில் நன்றியுரை விஷயத்தைக் கேட்டேவிட்டேன். அவன் குடையைப் பார்த்துக்கொண்டே, "ஒங்க பேரக் கடைசிக்குன்னு வச்சிருந்தேன். அந்த எடத்துக்கு வந்தப்ப தொண்ட அடைச்சிருச்சு அண்ணே. அழுதுருவேன்னு பயந்து ஒக்காந்துட்டேன்" என்றான். உள்ளேயிருந்து கிறேஸ், "அழுகைய அடக்கத்தான் ஒக்காந்தாருன்னு நா அன்னைக்கே சொன்னேன், இவருதான் நம்பல" என்றாள். சொன்னாள்தான். அவனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆகவே மேலே உள்ளவற்றைத் தள்ளிவிடவும். துப்பாளியின் பெயர் வேண்டாம், அவர் வேலையைத் தொடரட்டும். 'விதைப்பை'யை நிறுத்தவேண்டாம். சனிக்கிழமை கலியாணத்தில் ஆசீர்வாத ஜெபம் நான் செய்யவேண்டுமாம், சுருக்கமான குறிப்பு ஏதும் இருந்தால் அவசரமாக அனுப்பவும். நன்றியுரை லக்ஸ்மன்தான். இந்த முறை அண்ணன் பெயரை முதலில் சொல்லிவிடுவதாகச் சொன்னான். முதலிலேயே தொண்டை அடைத்தால் ஃபாஸில் முதலாளிக்கு யார் நன்றி சொல்வது என்று கேட்டேன். கடைசியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் சொல்லாமல் உட்கார்ந்தாலும் எனக்கு விளங்கும்.